கலப்பிரிவும் கதிரும்

உயிருள்ள உடல்கள் யாவும் கலங்களாலானவை. ஒரு கலம் மற்றொரு கலத்திலிருந்தே தோன்றும் என்னும் உண்மையை ஜேர்மானிய மருத்துவரான விர்ச்சோ 1855 இல் வலியுறுத்தினார். ஆயின், ஒன்று இரண்டாகும்போது பரம்பரைப் பண்புகள் குறைவின்றி இரண்டிற்கும் எவ்வாறு சென்றடைகின்றன என்பது அக்காலத்தில் விளங்கவில்லை. கருவினுள் இழைகள் தோன்றி நெடுக்காகப் பிளந்து பங்கிடப்படுவதைப் பிளெமிங் என்பார் 1882 இல் தம் நூலில் விளக்கினார். இதுவே இழையுருப்பிரிவு.

இதனைக் காண்பதற்கு நமது செம்மண்ணில் விளையும் சின்ன வெங்காயமே போதும். அதன் அடிப்பாகம் நீரிற் படுமாறு போத்தல் வாயில் வைத்தால், சில நாளில் வேர் விடும். வேர்நுனியை நறுக்கி, அமிலத்தில் மென்மையாக்கி, சாயமூட்டி, நசுக்கி, நுணுக்குக்காட்டியில் நோக்கின், பிரிவின் பல அவத்தைகளையும் ஒருங்கே காணலாம்.

பிரிவு தொடங்குமுன்னரே கருவிலுள்ள பரம்பரைப் பதார்த்தம் இரட்டித்துவிடும். முன்னவத்தையில் நிறமூர்த்தங்கள் சுருண்டு தடித்துப் புலனாகின்றன. வெங்காயத்தில் இவை 16 ஆகும். ஒவ்வொன்றும் மையப்பாத்தில் இணைந்த இரு அரைநிறவுருக்களையுடையது. கருமென்சவ்வு மறைய, கலத்தின் இரு முனைவுகளுக்கிடையே நார்களாலான கதிர் அமைகின்றது. அனுவவத்தையில் நிறமூர்த்தங்கள் கதிரின் நடுவே அணிவகுக்கின்றன. மேன்முகவவத்தையில் மையப்பாத்துப் பிரிய, அரைநிறவுருக்கள் எதிரெதிர் முனைவுகளுக்கு ஈர்க்கப்படுகின்றன. ஈற்றவத்தையில் இரு கருக்கள் உருவாகின்றன. பின்னர், தாவரக் கலத்தின் இடையே கலத்தட்டுத் தோன்றிச் சுவராகின்றது. விலங்குக் கலமோ நடுவே ஒடுங்கிப் பிரிகின்றது.

இவற்றுள் பங்கீட்டை நிகழ்த்துவது கதிரே. அதன் நார்கள், தியூபியூலின் என்னும் புரத மூலக்கூறுகள் அடுக்கடுக்காய் இணைந்து உண்டாகும் நுண்புன்குழாய்களாம். திருவிழாவிற்கு இட்ட பந்தரைப் போல, அவை வேண்டும்போது கூடிப் பணி முடிந்ததும் கலைவன. அவை கூடாவண்ணம் தடுத்தால் யாது நிகழும்? இவ்வினாவிற்கு விடை பகரும் செடிகள் இரண்டு நம் வேலியோரத்திலும் முற்றத்திலும் உள்ளன.

முதலாவது, மாரியிற் படர்ந்து பூக்கும் காந்தள். நாம் கார்த்திகைப்பூ என்பது இதனையே. இதன் கிழங்கிலுள்ள கொல்கிசின் என்னும் நஞ்சு தியூபியூலினைப் பற்றிக்கொண்டு கதிரை அமையவிடாது தடுக்கின்றது. வெங்காய வேர்நுனியில் இதனைச் செலுத்தினால், அரைநிறவுருக்கள் பிரிந்தும் செல்லும் வழியின்றி நிற்க, ஒரே கருவில் 32 நிறமூர்த்தங்கள் அடங்கிவிடும். தியோ, லெவான் என்னும் அறிஞர் இருவர் இந்நஞ்சினாற் பிரிவை இடைநிறுத்தியே மனிதக் கலத்தின் நிறமூர்த்தங்கள் 46 என எண்ணி 1956 இல் வெளியிட்டனர். இக்கிழங்கை உண்டவர்க்கு முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். பின்னர்க் குருதிக்கலங்கள் குன்றும். உயிர் தப்பினோர்க்கு மயிரும் உதிரும். குடலின் உட்படையும் என்புமச்சையும் மயிர்வேரும் ஓயாது கலம் பிரியும் இடங்களாதலின், நஞ்சு அவ்விடங்களைக் கடுமையாகத் தாக்குகின்றது.

இரண்டாவது, பூசைக்குக் கொய்யும் பட்டிப்பூ. நித்தியகல்யாணி எனவும் வழங்கும். இதிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்த செய்தியைக் கனடாவில் நோபிள், பியர் என்போர் 1958 இல் வெளியிட்டனர். அதனை அடுத்து வின்கிறிஸ்டின் கிடைத்தது. இவையும் கதிரையே தடுப்பன. புற்றுநோயாவது கலங்கள் கட்டுப்பாடின்றிப் பிரிதல். ஆகவே, கதிரைத் தடுக்கும் நஞ்சே அங்கு மருந்தாகின்றது. சிறுவர்க்கு வரும் குருதிப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இன்றும் வழங்கப்படுகின்றது.

ஆயினும், இலையில் இப்பொருள்கள் மிகச் சிறிதளவே, வேறு பல பொருள்களோடு கலந்துள்ளன. அவற்றைத் தூய்மையாகப் பிரித்து, அளவறிந்து, மருத்துவர் நாளத்திற் செலுத்துவதே சிகிச்சை. பட்டிப்பூவை அவித்துக் குடித்தாற் புற்றுநோய் தீருமென நம்பி வைத்தியசாலைக்குச் செல்லாதிருப்பது உயிருக்கே கேடாம். காந்தட் கிழங்கைச் சிறுவர் கையிற் படாது காத்தலும், பட்டிப்பூவின் பயனையும் எல்லையையும் அயலார்க்கு எடுத்துரைத்தலும் விலங்கியலும் தாவரவியலும் கற்கும் நம் மாணவர் கடனாகும்.