அயல்நாட்டு நிதியுதவியும் கிராம சபையும்: தமிழகப் புதுவாழ்வுத் திட்டத்தை முன்வைத்து

முன்னுரை

ஊரக வாழ்வாதாரத்திற்கென அயல்நாட்டு நிதி ஓர் ஊரை வந்தடையும்போது, அதனைப் பெற்றுப் பகிர்ந்து கணக்குக் காட்ட ஓர் அமைப்புத் தேவைப்படுகிறது. அவ்வமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியோடு இணைந்து நிற்கிறதா, அதற்கு வெளியே தனித்து நிற்கிறதா என்பது நிதியின் அளவுக்கு நிகரான முதன்மை உடையது. தமிழகத்தில் அயல்நாட்டு நிதியுடன் செயல்பட்ட இரு திட்டங்களைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

ஊராட்சிக்கு வெளியே வளர்ந்த குழுக்கள்

பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. 1983-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இப்பணியை நடத்தியது. குழுவின் சேமிப்பு, உறுப்பினர்க்கு உள்கடன், பின்னர் வங்கிக்கடன் என்னும் வரிசையில் குழுக்கள் வளர்ந்தன. 1997-98 முதல் மாநில அரசு தன் நிதியிலேயே இதனை மகளிர் திட்டமாக விரிவுபடுத்தியது.

இக்குழுக்கள் வங்கியோடும் தொண்டு நிறுவனங்களோடும் பிணைக்கப்பட்டனவே அன்றி ஊராட்சியோடு பிணைக்கப்படவில்லை. அக்காலச் சூழலும் இங்குக் கருதத்தக்கது. 1986-க்குப் பின் 1996-இல்தான் தமிழகத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமும் வந்த பின்னரே ஊராட்சி நிலையான அமைப்பாயிற்று.

ஊராட்சியோடு பிணைந்த திட்டம்

2005-இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டம் வேறு வழியைப் பின்பற்றியது. ஊர்தோறும் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் அமைக்கப்பட்டு, ஊராட்சித் தலைவரே அதற்கும் தலைவரானார். மக்கள் பங்கேற்புடன் ஏழைக் குடும்பங்கள் அடையாளம் காணப்பட்டு, அப்பட்டியலுக்குக் கிராம சபையின் ஒப்புதல் பெறப்பட்டது. செலவினத்தைக் கண்காணிக்கச் சமூகத் தணிக்கைக் குழுவும் இருந்தது. இவ்வாறு திட்டநிதிக்கான பொறுப்பு, கடன் வழங்கிய வங்கியை நோக்கி மட்டுமன்றி ஊர்மக்களை நோக்கியும் திருப்பப்பட்டது.

எனினும் இப்பிணைப்பில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தலைவர் நேர்மையுடன் செயல்படும் ஊரில் சங்கம் வலுப்பெறும். அவர் ஒரு சாராரின் பிடியில் இருக்கும் ஊரில் சங்கமும் அப்பிடிக்குள் செல்லக்கூடும். தணிக்கைக் குழுவின் தேவை இதனாலேயே எழுகிறது.

பேச்சும் மறுமொழியும்

இத்திட்டத்தின் ஆட்சியியல் விளைவை ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துரைக்கிறது. கிராம சபைப் பேச்சுப் பதிவுகளைத் திட்டம் நடைபெற்ற ஊர்களிலும் நடைபெறாத ஊர்களிலும் ஒப்பிட்ட அவ்வாய்வு, திட்ட ஊர்களில் பெண்களின் வருகை, பேச முன்வரும் தன்மை, பேசும் நேரம் ஆகிய மூன்றும் கூடியிருந்ததைக் கண்டது. ஆனால் கூட்டத்தின் பேசுபொருளைத் தீர்மானிப்பதிலோ, அலுவலர்களிடமிருந்து உரிய மறுமொழி பெறுவதிலோ இவ்விருவகை ஊர்களின் பெண்களிடையே வேறுபாடு காணப்படவில்லை.

இதற்கான காரணத்தைத் திட்டத்தின் எல்லைக்கு வெளியேயும் தேட வேண்டியுள்ளது. தெருவிளக்கு, குடிநீர் குறித்த கோரிக்கைக்கு ஊராட்சியே விடையளிக்க இயலும். முதியோர் ஓய்வூதியம், பட்டா போன்றவை வருவாய்த் துறையின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. அவை குறித்து எத்துணைத் தெளிவாக வினவினும், தீர்வளிக்கும் அதிகாரம் கிராம சபையிடம் இல்லை. குழுப்பயிற்சி பேசுவோரை உருவாக்கும். விடை கூறும் கடப்பாட்டை உருவாக்குவது சட்டத்தின் பணியாகும்.

முடிவுரை

2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடைபெற்றது. இடைப்பட்ட மூன்றாண்டுகள் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நிருவகித்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை மையமாகக் கொண்ட சங்க அமைப்பு, அத்தலைவரே இல்லாத காலத்தில் தன் அடிப்படையை இழக்கிறது. ஊராட்சிக்கு வெளியே நின்ற குழு தேர்தலின்றியும் இயங்கும். ஆனால் ஊரின் பொது முடிவுகளில் அதற்கு உரிமையில்லை. ஊராட்சியோடு பிணைந்த சங்கம் அவ்வுரிமையைப் பெறும். ஆனால் ஊராட்சியின் தளர்ச்சியையும் உடன் ஏற்கும். ஆகவே உள்ளாட்சியை வலுப்படுத்தும் அயல்நாட்டு உதவியின் பயன், காலந்தவறாத தேர்தலையும் ஊராட்சிக்கு உரிய அதிகாரப் பகிர்வையும் சார்ந்தது. இவ்விரண்டையும் எந்தக் கடனுதவியும் வழங்க இயலாது. மாநில அரசே வழங்க வேண்டும்.