உடம்பை அறிவோம் – 9: இறங்கும்போது வந்த வலி

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் கூடலூர், கம்பம் பக்கம் போனால், திண்ணையில் உட்காரவும் எழுந்திருக்கவும் சுவரைப் பிடிக்கும் ஆட்களைப் பார்க்கலாம். முதல் நாள் பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் 6 கிலோமீட்டருக்கு மேல் மலையேறி, மங்கலதேவி கண்ணகி கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். "ஏறும்போதுதான் மூச்சு வாங்குச்சு, இறங்கும்போது சும்மா ஓடியாந்தோம். பிறகு எதுக்கு இம்புட்டு வலி?" என்று கேட்பார்கள். வலியைக் கொண்டுவந்ததே அந்த இறக்கம்தான்.

மலையேறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போதோ உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. பாரத்தோடு நீளும் தசையில் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் விழுகின்றன. அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902-லேயே இந்த வலியைப் பற்றி எழுதி, தசைக்குள் ஏற்படும் சிதைவே காரணம் என்றார். இன்றும் பலர் லாக்டிக் அமிலத்தைக் குறை சொல்கிறார்கள். அது உழைப்பு முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். வலி உச்சத்துக்கு வருவதோ 24 முதல் 72 மணி நேரத்தில்.

போன வாரம் சொன்ன பஸ்கியையும் தண்டாலையும் வீட்டில் தொடங்கியவர்களுக்கும் இதே கதைதான். பஸ்கியில் உட்காரும் பாதி, தண்டாலில் மார்பு தரையை நோக்கி இறங்கும் பாதி, இரண்டிலும் தசை பாரத்தோடு நீள்கிறது. முதல் நாள் உற்சாகத்தில் நூறு பஸ்கி போட்டுவிட்டு, மூன்றாம் நாள் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அவர்களிடம் குறைந்தது ஊக்கமல்ல, இடைவெளி.

பயிற்சி தசையைத் தூண்டுகிறது. தசை வளர்வது அதற்குப் பின்னால். நல்ல பயிற்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள்வரை தசையில் புரதம் சேரும் வேகம் கூடியிருக்கும். சோறும் தூக்கமும் அப்போது வேண்டும்; ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்ந்தால் நல்லது. அந்த வேலை முடியுமுன்பே அதே தசையைப் போட்டு வாட்டினால் அது சோர்ந்துபோகும். முழங்காலும் தோள்பட்டையும் அதன் பாரத்தைச் சுமக்கும். அதனால் ஒரு தசைக்குக் கடும் பயிற்சி கொடுத்தால், அடுத்த முறைக்கு 48 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். திங்களும் வியாழனும் காலுக்கு. செவ்வாயும் வெள்ளியும் கை, மார்பு, முதுகுக்கு. புதனும் சனியும் வேக நடை. ஞாயிறு ஓய்வு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுவும் அதிகம்; அவர்கள் வாரத்துக்கு இரண்டு நாள் மொத்த உடம்புக்கும் பயிற்சி செய்து, மற்ற நாட்களில் நடந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி.

ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது. விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலக்காய் செடியின் அடியில் காய்ப்பது. குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். இடுப்புக்கும் காலுக்கும் அன்றைய பயிற்சி தோட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. மாலையில் அவர்களுக்குப் பஸ்கி எதற்கு? திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று கவாத்து பண்ணுகிறவருக்கோ நாள் முழுக்கக் கை மேலேயே இருக்கும். அவர் அன்றைக்குத் தோளுக்கு ஓய்வு கொடுத்து, காலுக்குப் பயிற்சி தரலாம். உங்கள் வேலை எந்தத் தசையை வாட்டுகிறது என்று பார்த்துவிட்டு அட்டவணை போடுங்கள்.

ஓய்வைச் சாக்காக்கிவிடவும் கூடாது. தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் 14,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. அவர்களில் 54.4 சதவீதம் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். கடையில் கல்லாவிலும் அலுவலக நாற்காலியிலும் பொழுதைக் கழிப்பவருக்கு ஓய்வு நாளிலும் அரை மணி நடை நல்லதுதான். லேசாக நடந்தால் தசைக்கு ரத்த ஓட்டம் கூடும், இறுக்கமும் தளரும்.

எப்போது நிறுத்த வேண்டும்? காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பு வழக்கத்தைவிடத் தொடர்ந்து கூடுதலாக இருந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, போன வாரம் செய்ததை இந்த வாரம் செய்ய முடியாவிட்டாலோ இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மூட்டில் குத்தும் வலி தசை வலியல்ல. அதோடு பயிற்சி வேண்டாம். கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள். நாட்காட்டியில் பயிற்சி நாளைக் குறிக்குமுன் ஓய்வு நாளைக் குறித்துவிடுங்கள்.

(தொடரும்)