மின்னும் காந்தமும்

மின்னல் வானிலே தோன்றி மறைவது; காந்தம் இரும்பைப் பற்றி நிற்பது. ஒன்று ஒளியும் ஓசையும் உடையது; மற்றொன்று அமைதியாய்த் தொழில் புரிவது. இவ்விரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை உலகம் உணர்ந்து இரு நூற்றாண்டளவே ஆகின்றது.

ஒருகொடவத்தைப் பக்கத்தில் வாழ்வோர்க்கு இது புத்தகத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. களனி கங்கையின் அருகே களனிதிஸ்ஸ மின்னிலையம் நிற்கின்றது. அதே கங்கை 2016ஆம் ஆண்டு மே மாதத்திலே பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளுட் புகுந்தது. மின் பிறக்கும் இடமும் வெள்ளம் புகும் இடமும் அடுத்தடுத்து உள்ள ஊரிலே, மின்னின் இயல்பை அறிதல் பரீட்சைக்கு மாத்திரம் அன்று, உயிர்க்காவலுக்கும் ஆம்.

மின்னோட்டம் என்பது யாது?

கடத்தியினூடே மின்னேற்றம் செல்லுதலே மின்னோட்டம். அதனைச் செலுத்துவது அழுத்த வேறுபாடு. எதிர்த்து நிற்பது தடை. மேட்டுத் தொட்டியிலிருந்து குழாய்வழி இறங்கும் நீரை எண்ணிக்கொள்க. தொட்டியின் உயரம் அழுத்தத்திற்கும், குழாயின் ஒடுக்கம் தடைக்கும், ஓடும் நீரின் அளவு ஓட்டத்திற்கும் ஒப்பாகும். அழுத்தத்தைத் தடையால் வகுக்க ஓட்டம் கிடைக்கும். ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827இல் வெளியிட்ட விதி இதுவே.

செம்பு நல்ல கடத்தி. இறப்பரும் பீங்கானும் காவலிகள். காவலி என்னும் சொல்லின் பொருத்தத்தை நோக்குக: மின்னை வெளியே விடாது காத்து நிற்பது காவலி. கலைச்சொல்லின் பொருளை உணர்ந்த மாணவனுக்கு வரைவிலக்கணத்தை மனனஞ் செய்யும் தொல்லை பாதியாகும்.

காந்தத்தின் இயல்பு

காந்தத்திற்கு வடமுனை, தென்முனை என இரு முனைகள் உண்டு. ஒத்த முனைகள் தள்ளும். ஒவ்வா முனைகள் இழுக்கும். காந்தத்தைத் துண்டு செய்யினும் ஒவ்வொரு துண்டிலும் இரு முனைகளும் காணப்படும். பூமியும் ஒரு பெருங் காந்தமே. எப்பக்கமும் திரும்புமாறு தொங்கவிட்ட காந்த ஊசி இலண்டனில் ஏறத்தாழ 66 பாகை கீழ்நோக்கிச் சாயும். கொழும்பிலோ ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டை ஒட்டிச் செல்வதே இதற்குக் காரணம்.

இரண்டும் ஒன்றான கதை

1820இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்ஸ்ரெட், மின்னோடும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி திரும்புதலைக் கண்டார். ஓட்டம் காந்தத்தைப் பிறப்பிக்கும் என்பது தெளிவாயிற்று. அங்ஙனமாயின் காந்தம் ஓட்டத்தைப் பிறப்பியாதோ என்னும் வினாவிற்கு 1831இல் இங்கிலாந்து அறிஞர் பரடே விடை கண்டார். கம்பிச்சுருளின் அருகே காந்தம் வாளா இருப்பின் பயனில்லை; அது அசைந்தாற் சுருளில் மின் தோன்றும். இதுவே தூண்டல்.

லக்சபானவிலே அருவிநீர் சுழலியைச் சுழற்றுகின்றது; களனிதிஸ்ஸவிலே எரிபொருளின் வெப்பம் அதனைச் செய்கின்றது. இரண்டிடத்தும் சுழலியோடு காந்தம் சுழல, சூழ்ந்த கம்பிச்சுருளில் மின் பிறக்கின்றது. மலைநாட்டு அருவிகளால் நாடு முழுவதும் ஒளிபெறலாம் என 1918இல் எடுத்துரைத்தவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. லக்சபான நிலையம் தொழிற்பட்டது 1950இல். அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் அதே வலுவைப் பத்திலொரு பங்கு ஓட்டத்தாற் கொண்டுசெல்லலாம். கம்பியில் வெப்பமாய் வீணாவது நூறிலொரு பங்காகும். ஆதலின் மின்னை 132,000 உவோற்று போன்ற உயரழுத்தத்தில் அனுப்பி, நிலைமாற்றிகளாற் படிப்படியே குறைத்து, வீட்டிற்கு 230 உவோற்றாகத் தருகின்றனர்.

உயிர்காக்கும் அறிவு

இனி ஓமின் விதியை நம் உடலுக்கே பொருத்திப் பார்ப்போம். நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொள்க. 230ஐ 1000ஆல் வகுக்க 0.23 அம்பியர். 60 உவாற்று மின்குமிழ் கொள்ளும் ஓட்டம் 0.26 அம்பியர். ஒரு சிறு குமிழை எரிக்கவும் போதாத ஓட்டம் ஓர் உயிரைப் போக்கிவிடும், 0.1 அம்பியரே இதயத் துடிப்பைக் குலைக்க வல்லது. வீட்டு உருகியோ 5 அம்பியர், 15 அம்பியர் எனப் பேரோட்டத்திற்கே உருகும். அது கம்பியைக் காக்கும், மனிதனைக் காவாது.

மனிதனைக் காப்பது றிப் சுவிச்சு. அதனுள்ளே உள்ள இரும்பு வளையத்தினூடே போகும் ஓட்டமும் மீளும் ஓட்டமும் செல்கின்றன. இரண்டும் சமமாயின் அவற்றின் காந்தவிளைவுகள் ஒன்றையொன்று அழிக்கும். ஒருவர் உடல்வழி நிலத்திற்கு மின் கசியுமாயின் சமநிலை கெடும். எஞ்சிய காந்தவிளைவு மற்றொரு சுருளில் ஓட்டத்தைத் தூண்டி, இணைப்பைக் கணப்பொழுதில் துண்டிக்கும். வீடுகளில் வழங்கும் சுவிச்சுக்கு 0.03 அம்பியர்க் கசிவே போதும். ஏர்ஸ்ரெட் கண்டதும் பரடே கண்டதும் அச்சிறு பெட்டிக்குள் நின்று காவல் புரிகின்றன.

மாணவர்காள்! இன்று வீடு சென்றதும் இச்சுவிச்சு உண்டா எனப் பாருங்கள். இருப்பின், மாதம் ஒருமுறை பெரியோர் முன்னிலையில் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இல்லையேல், தகுதிபெற்ற மின்வினைஞரைக் கொண்டு பொருத்துமாறு பெற்றோரிடம் கூறுங்கள். வெள்ளம் வாயிலை அடையுமுன் பிரதான சுவிச்சை நிறுத்தச் சொல்லுங்கள். நீரில் நின்றுகொண்டு எந்தச் சுவிச்சையும் தொடாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியை அணுகாதீர்கள். கற்றதன் பயன் புள்ளி பெறுவதோடு முடிவதன்று. அண்டை அயலாரின் உயிரையும் காக்குமாயின் அதுவே கல்வி.