பழைய டிராக்டர் பாரம் இழுக்குமா?

போத்தனூர், செட்டிபாளையம் பக்கம் தேங்காய், எரு ஏற்ற ஓடித் தேய்ந்த டிராக்டர் வாங்குவோர் முதலில் பார்ப்பது மணி மீட்டரை. கேபிளில் ஓடும் பழைய மீட்டர் எஞ்சின் சுற்றையே எண்ணும்; மெதுவாக ஓடிய ஒரு மணி நேரம் அதில் முழு மணியாக ஏறாது. கேபிள் அறுந்தால் கணக்கே நின்றுவிடும்.

ஆகவே பாரம் ஏற்றிய டிரெய்லரைப் பூட்டி மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடான பின்னும் நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. வண்டியை நிறுத்தி, எஞ்சின் மெதுவாக ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைப் பதமாகத் திறக்கவும். குபுகுபுவென்று புகை தள்ளினால் பெரும்பாலும் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். அவற்றை மாற்றும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு விலையில் கழித்துப் பேசலாம். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டி வேண்டாம். கரும்புகைக்கு அவ்வளவு பயமில்லை, ஏர் கிளீனர் அடைப்பாகவும் இருக்கலாம்.

முன்பணம் இதற்கெல்லாம் பிறகுதான்.