மூச்சுக்குக் கட்டுப்பட்ட வித்தை

யோகம் என்றதும் சிரசாசனத்தையும், கால்களைக் கழுத்துக்குப் பின்னால் கோத்துக்கொண்டு உட்காரும் வித்தையையும் மனத்தில் எண்ணி, இது நமக்கு ஆகிவராத காரியம் என்று ஒதுங்கிக்கொள்ளும் நடுவயதுக்காரர்களையும் நோயாளிகளையும் பார்த்து, கையைத் தூக்கி இறக்க முடிந்தால் போதும், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம் என்று சொல்லி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் இருந்துகொண்டு போதித்தவர் டி. கே. வி. தேசிகாச்சார். அவருடைய மார்க்கத்தை மிருதுவான யோகம் என்று சிலர் பாராட்டினார்கள்; வேறு சிலர் அதே சொல்லைச் சற்றுக் குறைவாக எண்ணிச் சொன்னார்கள். இரண்டாவது வகையினர் அந்த அப்யாசத்தைக் கால் மணி நேரமாவது செய்து பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

தகப்பனார் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1888-இல் பிறந்தவர். மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் 1933 முதல் யோகசாலை நடத்தியவர். பி. கே. எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்த இந்திரா தேவி என்று பிற்காலத்தில் உலகமெங்கும் பிரக்யாதி பெற்றவர்கள் எல்லாரும் அவரிடம் பாடம் கேட்டவர்களே. அங்கே பயின்றவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். சபையினர் கண்கொட்டாமல் பார்க்கும்படி ஆசனங்களை வேகமாக அடுக்கிச் செய்துகாட்டுவதும் அந்தச் சாலையின் வேலையாக இருந்தது. ராஜ்யங்கள் போய், யோகசாலையும் மூடப்பட்டு, 1950-களின் தொடக்கத்தில் அவர் சென்னைக்குக் குடிவந்தபோது, அவரைத் தேடி வந்தவர்களோ வேறு ரகம்: முதுகுவலிக்காரர், ஆஸ்துமாக்காரர், தூக்கம் கெட்டவர், பிள்ளை பெற்ற பெண்கள், பக்கவாதத்தால் கை கால் விழுந்தவர்கள். ஆளுக்கு ஒரு வேளை ஒதுக்கி, ஆளுக்கு ஒரு பாடம் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் அங்கே வந்தது. மைசூரில் கண்ட அதே ஆசாரியர்தாம்; சிஷ்யர்கள் மாறினார்கள், ஆகவே போதனையும் மாறியது. மென்மை இந்த வித்தைக்குள் வந்த வழி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1938-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி மைசூரில் பிறந்த தேசிகாச்சாருக்கு (ஐக்கிய நாடுகள் சபை உலக யோக தினமாகப் பிற்காலத்தில் அந்தத் தேதியையே தேர்ந்தெடுத்தது தற்செயல்தான்) இளமையில் இந்த வித்தையில் நாட்டம் இருந்ததில்லை. என்ஜினீயரிங் படித்துப் பட்டம் வாங்கினார். உத்தியோகத்துக்குப் புறப்படும் தறுவாயில் பெற்றோரைப் பார்க்கச் சென்னைக்கு வந்திருந்தார். அந்தச் சமயத்தில் வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றதையும், அதிலிருந்து இறங்கிய நியூஸிலாந்து மாது ஒருத்தி, நெற்றியில் நாமமும் இடுப்பில் பஞ்சகச்சமுமாக நின்ற ஆசாரசீலரான தம் தகப்பனாரை ஓடிவந்து கட்டிக்கொண்டு நன்றி சொன்னதையும் கண்டு தாம் திகைத்துப்போனதைத் தேசிகாச்சாரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பல காலமாக மாத்திரை இல்லாமல் தூங்கியறியாத அந்த அம்மாள் முதல் நாள் இரவு மாத்திரையில்லாமலே தூங்கியிருந்தாள், அவ்வளவுதான் விஷயம். ஆங்கிலமே சரளமாகப் பேசாத ஒரு வைதிகரிடம் இப்படி என்ன இருக்கிறது என்ற கேள்வி அந்த என்ஜினீயரைப் பிடித்துக்கொண்டது. தமக்கும் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டார். தகப்பனார் உடனே உச்சி முகர்ந்து ஏற்றுக்கொண்டுவிடவில்லை. விடியலுக்கு வெகு முன்னே எழுப்பிப் பாடம் வைத்து, பையனுடைய சிரத்தையைச் சோதித்த பிறகே முழு மனத்தோடு சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாடம் 1989-இல் கிருஷ்ணமாச்சாரியார் நூறு வயது கடந்து காலமாகும் வரையில் தொடர்ந்தது.

அந்தப் பாடத்தின் சாரத்தை ஒரே ஓர் அசைவைக்கொண்டு சொல்லிவிடலாம். நிமிர்ந்து நிற்கிறோம், கைகள் பக்கவாட்டில் தொங்குகின்றன. தொண்டையை இலேசாகக் குறுக்கி, காதுக்கு எட்டும் அளவுக்கு மெல்லிய ஓசையோடு மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்குகிறோம். தொடங்கி ஒரு நொடி ஆன பிற்பாடுதான் கைகள் முன்புறமாக மேலெழ வேண்டும். கைகள் உச்சியை அடைந்த பின்பும் மூச்சு இன்னும் சற்றே உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். பிறகு ஒரு சிறு நிறுத்தம். இறக்கும்போதும் இதே கிரமம். வெளிமூச்சு முந்தும், கை பின்தொடரும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதல்லவா? நாலாவது தடவையிலேயே கை முந்திக்கொள்ளும். ஆறாவது தடவையில் தொண்டையின் ஓசை கரகரக்கும். மனம் எங்கேயோ போயிருந்தது என்பதை அந்தக் கரகரப்பு காட்டிக்கொடுத்துவிடும். அப்போது ஆசிரியர் இன்னும் உயர்த்து என்று அதட்டமாட்டார். கையைத் தோள் மட்டத்தோடு நிறுத்திக்கொள் என்பார். உடம்பின் சாமர்த்தியத்துக்கு மூச்சைப் பலியிடலாகாது என்பது இந்த வழியின் கண்டிப்பான விதி. உட்கார்ந்தபடி முன்னால் குனிந்து பாதத்தைத் தொட்டுவிட்டேன் என்று பெருமைப்படுகிறவரிடம், தொடும்போது மூச்சு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டால், பெருமையில் பாதி அங்கேயே கரைந்துபோகும்.

யோக சூத்திரத்தில் பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன ஸ்திரம், சுகம் என்னும் இரண்டு லட்சணங்களையும் சேர்ந்தாற்போல் கேட்பதனால்தான் இந்த மென்மை கடினமாகிறது. ஒவ்வோர் ஆசனத்துக்குப் பின்னும் அதன் விளைவைச் சமன்செய்யும் பிரதிக்கிரியை ஒன்றைச் செய்யச் சொல்வதும், ஆசனத்திலிருந்து பிராணாயாமத்துக்கும் அங்கிருந்து தியானத்துக்கும் படிப்படியாக இறக்கிக்கொண்டு போவதும் இதே கவனத்தின் தொடர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றையும் நினையாதே என்று எடுத்த எடுப்பில் ஒருவரை உட்காரவைப்பது தேசிகாச்சாருக்கு உடன்பாடாக இருந்ததில்லை. சூரியனோ, மலையோ, அவரவர் தெய்வமோ, கேட்பவருடைய மனம் இயல்பாகச் சாய்கிற ஒன்றைத் தியானத்துக்கு ஆலம்பனமாக, அதாவது பற்றுக்கோடாக, கொடுப்பார். தம்முடைய வைஷ்ணவ சம்பிரதாயத்தைப் பிறர்மேல் சுமத்தமாட்டார்.

குரு என்பவரே வேண்டாம் என்று உலகெங்கும் பேசிவந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1960-களின் நடுவில், எழுபது வயதில், முப்பதைத் தொடாத இந்த இளைஞரிடம் மாணாக்கராக அமர்ந்தது ரசமான செய்தி. அந்தத் தொடர்பால் தேசிகாச்சார் சுவிட்ஸர்லாந்துக்குப் போனார். அங்கே கிஷ்டாட் என்னும் ஊரில் கிருஷ்ணமூர்த்தியை உபசரித்துவந்தவர் வண்டா ஸ்கரவெல்லி என்னும் இத்தாலியப் பெண்மணி; அவர் ஐயங்காரிடம் ஆசனமும் தேசிகாச்சாரிடம் மூச்சும் கற்று, தாமும் ஒரு மென்மையான வழியைக் கண்டு, எண்பது வயதுக்குப் பிறகு, 1991-இல், முதுகெலும்பின் விழிப்பைப் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டார்.

1976-இல் தகப்பனார் பெயரால் தேசிகாச்சார் சென்னையில் நிறுவிய யோக மந்திரம், அவர் 2016 ஆகஸ்டில் காலமான பின்பும் நடந்துவருகிறது. அங்கே ஆலோசனைக்குப் போகிறவர்களுக்கு ஆசிரியர் கையால் ஒரு தாளில் பாடம் வரைந்து கொடுப்பது வழக்கம்: குச்சி குச்சியாய்க் கை கால் போட்ட சின்ன மனித உருவங்கள், எந்த அசைவில் மூச்சு உள்ளே, எதில் வெளியே என்ற குறிப்பு, எத்தனை முறை என்ற எண்ணிக்கை. பத்துப் பதினைந்து நிமிஷ வேலைதான். தூக்கம் கெட்டவருக்கு ஒரு தாள், தோள் பிடித்தவருக்கு வேறு தாள். சில வாரம் கழித்து அதே ஆள் திரும்பிவந்தால், பழைய தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு உருவங்களை அடித்து, வேறொன்றைச் சேர்த்து எழுதுவார்கள். நூறு பேரை ஒரே கூடத்தில் பாய் விரித்து நிறுத்தி ஒலிபெருக்கியில் எண் சொல்லும் இந்நாளில் இது கட்டுப்படியாகாத முறை என்பார்கள். வாஸ்தவந்தான், கிருஷ்ணமாச்சாரியாருக்கும் அது ஒருநாளும் கட்டுப்படியானதாகத் தெரியவில்லை.