ஸ்மாஷ் அடிப்பது கையா, காலா?

மொட்டை மாடியில் 'தொப், தொப்' என்று பந்துச் சத்தம். வாலிபாலில் எகிறி அடிக்கிற 'ஸ்மாஷ்' பழகுகிறானாம் உங்கள் பையன். சுவரில் இருநூறு தடவை அடித்துவிட்டு, ராத்திரி தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு தைலம் கேட்கிறான். தைலம் தடவலாம், தப்பில்லை. ஆனால் கோளாறு பெரும்பாலும் தோளில் இல்லை, காலில்!

ஆச்சரியமாக இருக்கிறதா? வாலிபால் பந்தின் எடை அதிகபட்சம் 280 கிராம். அதை அடிக்கப் பயில்வான் கை எதற்கு? நெட்டின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். அதற்கு மேலே, அடிக்கிற தோளுக்குச் சற்று முன்னால் பந்து இருக்கும்போது கை அதைத் தொட வேண்டும். அவசரக்காரப் பிள்ளைகள் முன்னாடியே ஓடிப்போய்ப் பந்துக்கு அடியில் நின்றுவிடுவார்கள். பந்து தலைக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் இடுப்பை வில்லாக வளைத்து, தோளைப் பின்னுக்கு இழுத்து அடிக்க வேண்டியதுதான். ஆழமில்லாத கிண்ணத்தில் உருண்டையை வைத்தது மாதிரியான மூட்டு அது. உருண்டை விலகாமல் காப்பது சுற்றியுள்ள சின்னத் தசைகளும் நாண்களும்தான். தினமும் இப்படி இழுபட்டால் அவை எத்தனை நாளைக்குத் தாங்கும், சொல்லுங்கள்!

அதனால் வீட்டில் பழகும்போது முதல் வாரம் பந்தே வேண்டாம். தரையில் சாக்பீஸால் பாத அடையாளம் போடுங்கள். வலது கைக்காரருக்கு இடது, வலது, இடது என்று மூன்று எட்டு. இடது கைக்காரருக்கு நேர் எதிர். முதல் எட்டு நிதானமாக, கடைசி இரண்டும் 'டக் டக்'கென்று. கடைசியாக ஊன்றுகிற கால் ஒரு பாதம் முன்னே இருக்கட்டும். உடம்பு லேசாகப் பக்கவாட்டில் திரும்பும். இரண்டு கைகளும் பின்னால் போய், வீசி மேலே வரவேண்டும். குதிக்கவே வேண்டாம், நடந்தே பழகலாம். தாளம் தானாக வந்துவிடும்.

அடுத்தது கை. முழங்கை தோள் உயரத்துக்குக் குறையாமல் பின்னால் போகட்டும், உள்ளங்கை காதருகே விரிந்திருக்கட்டும். இடது கை பந்தைக் காட்டுவதுபோல் மேலே நீண்டிருந்து, அடிக்கிற கை கிளம்பும்போது கீழே இறங்க வேண்டும். சின்னத் துண்டின் ஒரு நுனியைப் பிடித்து இப்படி வீசிப் பாருங்கள். தலைக்கு மேலே, சற்று முன்னால் 'சட்'டென்று சத்தம் கேட்டால் வீச்சு சரி. (மின்விசிறியை நிறுத்திவிட்டு, ப்ளீஸ்!)

பிறகு பந்து. சுவரிலிருந்து பத்தடி தள்ளி நின்று, இடது கையில் பந்தை உயர்த்திப் பிடித்து, வலது கையால் தரையை நோக்கி அடிக்கட்டும். பந்து தரையில் பட்டு, சுவரில் மோதித் திரும்பி வரும். இருபது, முப்பது அடி போதும். கை சோர்ந்ததும் முழங்கை தாழும். அத்தோடு அன்றைய பாடத்தை நிறுத்திவிடுங்கள்.

1986 சியோல் ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அணி வெண்கலம் வென்றபோது ஆடிய ஜிம்மி ஜார்ஜ், அந்தரத்தில் அப்படியே நிற்கிறார் என்பார்கள். பார்த்த பிள்ளைகளுக்கெல்லாம் குதிக்கத்தான் ஆசை. ஆனால் சிமென்ட் தரையில், அதுவும் வெறுங்காலோடு குதிக்கவே கூடாது. பள்ளி மைதானத்து மண்தரையில் குதிக்கட்டும். இறங்கும்போது இரண்டு காலும் சேர்ந்து, முழங்கால் மடங்கி, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். முழங்கால்கள் உள்பக்கமாகச் சாயக்கூடாது. பெண் பிள்ளைகளிடம் இதை அதிகம் கவனியுங்கள்.

கணுக்கால் பிசகிவிட்டால்? உடனே தைலம் போட்டு நீவி விடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், வேண்டாம்! முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், காலை உயர்த்தி வைத்து ஓய்வு. ஊன்றி நாலு எட்டு நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். தொக்கணம் வீக்கமும் சூடும் அடங்கிய பிறகுதான்.

உளுந்தங்களியும் பிரண்டைத் துவையலும் வளரும் பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அதனால் குதிக்கிற உயரம் கூடும் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.

வேகமாக உயரம் கூடுகிற வயதில் சிலருக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டாலே வலிக்கும். 'வளர்கிற வலி' என்று விட்டுவிடாமல், குதிப்பதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை துண்டை வீசிப் பழகிக்கொண்டிருக்கட்டும்.