‘நேத்து என்ன செஞ்ச?’ பிரெஞ்சுக்காரர் இதை எப்படிக் கேட்பார்?

பிரான்சுக்கு மேற்படிப்புக்குப் போகும் மாணவருக்கு முதல் திங்கட்கிழமையே ஒரு சோதனை காத்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சிரித்துக்கொண்டே, “தா ஃபே க்வா, ஸ வீக்கெண்ட்?” என்பார். வார இறுதியில் என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி. ஆனால் பாடப்புத்தகம் கற்றுக்கொடுத்தது “கா த்யூ ஃபே?” என்பது. காதில் விழுந்ததில் பாதி புரியாமல் மாணவர் தலையை மட்டும் ஆட்டுவார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். அடுத்த திங்கட்கிழமை அவர் கேட்காமலே போகலாம்.

நடந்தது இவ்வளவுதான். ‘நீ’ என்பதற்கான ‘த்யூ’வும் துணைவினையான ‘ஆ’வும் பேச்சில் ஒட்டிக்கொண்டு ‘தா’ ஆகிவிடுகின்றன. ‘என்ன’ என்ற சொல் வாக்கியத்தின் முன்னாலிருந்து வினைக்குப் பின்னால் போய்விடுகிறது. போகும்போது வடிவமும் மாறி ‘க்வா’ ஆகிறது. (தமிழ் எழுத்தில் இந்த ஒலிகள் ஏறக்குறையத்தான் வரும், ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகுவதே சரி.)

இந்த இடமாற்றம் ஆங்கில வழியாகப் பிரெஞ்சு படிப்பவர்களைக் குழப்பும். நம்மைக் குழப்ப வேண்டியதில்லை. ஆங்கிலம் கேள்விச் சொல்லை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். தமிழும் மலாயும் அப்படிச் செய்வதில்லை. “என்ன சாப்பிட்ட?” என்றால் “சோறு சாப்பிட்டேன்” என்கிறோம். ‘என்ன’ இருந்த இடத்தில் சோறு. “செமாலாம் பெர்கி மானா?” என்றால் “பெர்கி ஈப்போ”. ‘மானா’ இருந்த இடத்தில் ஈப்போ. பேச்சுப் பிரெஞ்சும் இதே வழிதான். “தா மான்ஜே க்வா?” என்று கேட்டால் “ஜே மான்ஜே த்யூ ரி”, அதாவது சோறு சாப்பிட்டேன். பதில் வரவேண்டிய இடத்திலேயே கேள்விச் சொல்லை வைத்துவிட்டால் போதும்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி இன்னும் சுலபம். நாம் ‘சாப்பிட்டியா’ என்று ‘ஆ’ சேர்க்கிறோம். அவர்கள் எதையும் சேர்ப்பதில்லை, “தா மான்ஜே?” என்று கடைசியில் குரலை உயர்த்துவார்கள், அவ்வளவுதான். நடுவில் ‘தேஜா’ வந்தால், பெரும்பாலும் ‘இதற்கு முன் எப்போதாவது’ என்று பொருள். மலாயில் ‘பெர்னா’ சொல்வது போல.

கவனிக்க வேண்டியது ஒன்று. போவது, வருவது, கிளம்புவது போன்ற சில வினைகளுக்குத் துணைவினை மாறும். ‘தா’ போய் ‘தே’ வரும். நேற்று எங்கே போனாய் என்பது “தே அலே ஊ, யேர்?”. பெண்ணிடம் கேட்டால் எழுத்தில் ஓர் எழுத்து கூடும், ஒலி மாறாது. பேசும்போது அதை நினைத்துத் தயங்க வேண்டாம்.

‘த்யூ’ நம் ‘நீ’ மாதிரி. பேராசிரியர், கடைக்காரர், நண்பரின் பெற்றோர் ஆகியோரிடம் ‘வூ’ தான் மரியாதை. ஆனால் ‘வூ’ போட்டும் “வூஸவே ஃபே க்வா?” என்று சக ஊழியரைக் கேட்கலாம். நேர்முகத் தேர்விலும் கடிதத்திலும் மட்டும் புத்தக வடிவத்துக்குத் திரும்பிவிடுவது நல்லது. ‘நீ’ என்றே அழைக்கலாம் என்பதற்கு அங்கே ‘த்யூத்வாயே’ என்று தனி வினைச்சொல்லே உண்டு. அதை அவர்களே சொல்லும்வரை ‘வூ’வில் இருப்பதால் நட்டமில்லை.

பதில் சொல்லி முடித்ததும் “எ த்வா?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். ‘நீ?’ என்று பொருள். மரியாதைக்குரியவர் என்றால் “எ வூ?”.